பழஞ்சுவரும் புதுக்காரையும்



லக்னோ நகரில், கோமதி ஆற்றங்கரைக்கு அணித்தாக, ஒரு மேட்டின்மீது கூரையிழந்த செங்கற் கட்டடங்கள் சில, பரந்த புல்வெளியின் நடுவே நிற்கின்றன. ரெசிடென்ஸி என்பது அவற்றின் பெயர். அவத் நாட்டு நவாபுகளின் அவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பாளராக இருந்த ஆங்கில அதிகாரி வசிப்பதற்கென்று, ஆஸப் உத் தௌலாவின் ஆட்சியில் தொடங்கப்பெற்று, சாதத் அலி கானின் ஆட்சியில், 1800-ஆம் ஆண்டளவில் முடிவுற்ற மாளிகை அது. 1857-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதி முதல் நவம்பர் வரை, ஆங்கிலப் படையினரும் அவர்தம் குடும்பத்தினரும் அவர்களோடு நின்ற இந்தியச் சிப்பாய்களும் அதனுள்ளே முற்றுகையிடப்பட்டிருந்தனர். வெளியே திரண்டிருந்த படைகள் பீரங்கியால் அதன் சுவர்களைத் துளைத்தன. முற்றுகையின் தொடக்க நாட்களிலேயே, ஜூலை 4-ஆம் நாள், சர் ஹென்றி லாரன்ஸ் குண்டுக் காயத்தால் அங்கே இறந்தார். பூச்சு உதிர்ந்துபோன அச்செங்கற் சுவர்களில், பீரங்கிக் குண்டுகள் குடைந்த பள்ளங்களை இன்றும் காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், அலுவல் நிமித்தமாக லக்னோவுக்குச் சென்ற நான், ஒரு நாள் காலையில் அங்கே போயிருந்தேன். ஒரு சுவரின் அடியில் முதிய கொத்தனார் ஒருவர் குந்தியிருந்து, சிற்றுளியால் செங்கற்களின் இடைச் சந்துகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அருகே ஒரு தட்டில், இளஞ்சிவப்பு நிறத்தில் அரைத்த காரை இருந்தது. அவர் தலைக்கு மேலே, ஒரு தேங்காய் நுழையும் அளவுக்குப் பெரிய குண்டுப் பள்ளம் ஒன்று வாய் திறந்து கிடந்தது. அதன் விளிம்பில் ஆடிய செங்கற்களுக்கு அவர் காரை இட்டு உறுதி செய்திருந்தார்; ஆனால், பள்ளத்தை அடைக்கவில்லை.

“மிஸ்திரிஜி, இதையும் சேர்த்து அடைத்துவிடலாமே?” என்றேன்.

அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: “பாபுஜி, குண்டு செய்த காயம் வேறு, மழை செய்த காயம் வேறு. மழை செய்ததைச் சரிசெய்யத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். குண்டு செய்ததைத் தொட எனக்கு உத்தரவு இல்லை.”

ஒரு பழஞ்சுவரைப் பழுதுபார்ப்பது என்றால் என்ன என்ற கேள்வி, அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை. நூற்றாண்டுகள் பலவாக இந்நாட்டில் மக்கள் அக்கேள்விக்கு அளித்த விடைகளையே இவ்வுரையில் சொல்ல விழைகின்றேன்.

முதலில், செங்கற்களை இணைக்கும் அக்காரையைப் பற்றிச் சில சொற்கள். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் காளவாயில் இட்டுச் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால், அது கொதித்து நீறும். அந்நீற்றை மணலோடு சேர்த்து அரைத்துச் சுவரில் இட்ட பின், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறுகச் சிறுக உறிஞ்சி, மீண்டும் கல்லாகிறது. கல்லாய்ப் பிறந்து, நீறாய் மாறி, மறுபடியும் கல்லாவதே சுண்ணாம்பின் கதை. தமிழகக் கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டும், வட இந்தியச் சமவெளியில் மண்ணுக்குள் கிடைக்கும் சுக்கான்கல்லைச் சுட்டும் சுண்ணாம்பு எடுத்தனர். சுக்கான்கல்லில் களிமண்ணும் கலந்திருப்பதால், அதன் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும் தன்மை உடையது. செங்கல்லை இடித்துப் பொடியாக்கிய சுர்க்கியைக் காரையில் சேர்ப்பதும் இப்பயனுக்காகவே. அது வலிவும் தரும், இளஞ்சிவப்பு நிறமும் தரும். நம் பக்கத்துக் கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய நீரையும் பனைவெல்லத்தையும் காரையில் சேர்த்தது போலவே, அவத் நாட்டார் உளுந்தையும் வெல்லத்தையும் வில்வப் பழச் சதையையும் சேர்த்து வந்தனர்.

இக்காரையின் ஆற்றலைக் காண விரும்புவோர், அதே லக்னோவில் உள்ள பெரிய இமாம்பாராவுக்குச் செல்ல வேண்டும். 1784-ஆம் ஆண்டு பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு ஆஸப் உத் தௌலா தொடங்கிய கட்டடம் அது. ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் 15 மீட்டர் உயரமும் கொண்ட அதன் நடுக்கூடத்தை, உத்தரமோ தூணோ இன்றி, செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே வளைந்து நின்று தாங்குகின்றன. அக்காலத்தில் வழங்கிய லக்கோரிச் செங்கல் மிகவும் மெல்லியது. ஓரங்குலக் கனமே இருக்கும். ஆகவே, அத்தகைய சுவரில் செங்கல்லுக்கு உள்ள பங்கில் பெரும்பகுதி காரைக்கும் உண்டு. காரை கெட்டால் சுவர் கெட்டது என்பதே பொருள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுண்ணாம்புக் காரை, தான் இணைக்கும் செங்கல்லைக் காட்டிலும் மென்மையானதாக இருக்க வேண்டும் என்பது பழைய கட்டடக் கலையின் அடிப்படை. நிலத்திலிருந்து ஏறும் ஈரமும், மழையால் இறங்கும் ஈரமும் அந்த மென்மையான சந்துகளின் வழியே வெளியேறும். ஈரத்தோடு வரும் உப்பும் அங்கேயே பூக்கும். தேய்வதும் உதிர்வதும் காரையே; செங்கல் தப்பிவிடும். வீட்டில் வரும் துன்பமெல்லாம் தன்மேல் விழட்டும் என்று நிற்கும் மூத்தோரைப் போன்றது அது. ஆனால், அவ்வாறு தேய்ந்த காரையைச் சில தலைமுறைகளுக்கு ஒரு முறை புதுப்பித்தே ஆக வேண்டும். பழுதுபார்த்தல் என்பது கட்டடத்துக்குப் பின்னர் நேர்ந்த விபத்தன்று. கட்டும்போதே உடன்பட்ட கடமை.

இக்கடமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். நாலந்தாவில் கிடைத்த, பால மன்னர் தேவபாலர் காலத்துச் செப்பேடு, சுவர்ண தீவத்து அரசர் பாலபுத்திர தேவர் எடுப்பித்த விகாரத்துக்கு ஐந்து ஊர்கள் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. துறவியரின் உணவு, உடை, மருந்து ஆகியவற்றோடு, விகாரம் உடைந்தும் வெடித்தும் போகுங்கால் அதைச் செப்பனிடுவதும் அக்கொடையின் நோக்கங்களுள் ஒன்று. உடைந்தது, வெடித்தது எனப் பொருள்படும் ‘கண்ட ஸ்புடித’ என்னும் வடமொழித் தொடர், நாடெங்கும் உள்ள கொடை ஆவணங்களில் வழங்கிய தொடராகும். தமிழகக் கல்வெட்டுகளிலோ, இதற்கென்று விட்ட நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்றே பெயர். கட்டியவன் பெயர் நிலைப்பதற்குப் பின்னால், புதுக்குவோனின் உழைப்பு இருக்கிறது என்பதை இவ்விரு சொற்களும் உணர்த்துகின்றன. நாலந்தாவில் 1915-ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழ்வுகளில், மூன்றாம் எண் கோயிலில் மட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு முறை கட்டிய அடுக்குகள் வெளிப்பட்டன.

காரைக்கு நிறமூட்டுவதும் புதிய கலையன்று. லாகூரில், ஷாஜஹான் காலத்தில், 1634-ஆம் ஆண்டு தொடங்கிய வசீர் கான் மசூதியில் ஒரு விந்தையைக் காணலாம். செங்கற் சுவரின்மீது சுண்ணாம்புப் பூச்சிட்டு, அதைச் செந்நிறமாக்கி, அதன்மேல் வெண்கோடுகள் வரைந்து, செங்கல் அடுக்கிய சுவர் போலவே தோன்றச் செய்திருக்கிறார்கள். செங்கல்லை மறைத்து, அம்மறைப்பின் மேலேயே செங்கல்லை வரைந்தனர்! இங்கிலாந்திலோ, பதினெட்டாம் நூற்றாண்டில், கோணல்மாணலான மலிந்த செங்கற்களை வைத்துக் கட்டிவிட்டு, சந்துகளில் செங்கல் நிறமாகவே சாயமேற்றிய காரையை நிரப்பி, அதன் நடுவே மெல்லிய வெண்சுண்ணாம்பு இழையை ஓட்டி, விலையுயர்ந்த நேர்த்தியான கட்டுவேலை போலக் காட்டும் வழக்கம் பரவியிருந்தது. அழகுக்காகச் செய்தாலும், சிக்கனத்துக்காகச் செய்தாலும், நிறத்தின் வேலை அங்கே உள்ளதை வேறொன்றாகக் காட்டுவதே. பழஞ்சுவரைப் பேணுவோனுக்கு நிறத்தின் வேலை அதுவன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் ‘போர்ட்லண்டு சிமெண்டு’ என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி, 1904-ஆம் ஆண்டில் சென்னையிலேதான் நிகழ்ந்தது. கடற்சிப்பியை மூலப்பொருளாகக் கொண்ட அம்முயற்சி நிலைக்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 1914-இல், போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வெற்றி கண்டது. விரைவில் இறுகுவது, கல்போல் கடினமாவது, நீரைத் தடுப்பது என்று சிமெண்டுக்கு உள்ள குணங்கள் அனைத்தும் புதுக் கட்டடத்துக்குப் பெரும்பேறு. ஆனால், அக்குணங்களே பழஞ்சுவருக்குக் கேடாய் முடிந்தன. சந்துகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால், சுவருக்குள் இருக்கும் ஈரத்துக்கு வெளியேறும் வழி செங்கல் ஒன்றே. உப்பு செங்கல்லின் உடலுக்குள்ளேயே படிகமாகி, அதன் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். சில ஆண்டுகளில் சிமெண்டுக் கோடுகள் வலைபோல முன்னே துருத்தி நிற்க, செங்கற்கள் பின்னே குழிந்து போயிருக்கும். தில்லியில் வாழும் நம்மவர்க்கு, வீட்டுச் சுவரில் தோன்றும் ‘சீலன்’ என்னும் ஈரக்கசிவு பழக்கமானதே. அதை அடைக்க அடைக்க, அது வேறோர் இடத்தில் முளைப்பதன் காரணம் இதுவேயாகும்.

இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநராக 1902 முதல் 1928 வரை பணியாற்றிய சர் ஜான் மார்ஷல், பழங்கட்டடங்களைப் பேணும் முறைகளைத் தொகுத்து, 1923-ஆம் ஆண்டில் கையேடு ஒன்றை வெளியிட்டார். கர்சன் பிரபுவின் காலத்தில், 1904-இல், தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, பேணும் பொறுப்பு அரசைச் சார்ந்துவிட்டிருந்த காலம் அது. சிதைந்து நிற்கும் மூலவேலையே, எத்துணை நேர்த்தியான புதுவேலையைக் காட்டிலும் பன்மடங்கு மதிப்புடையது என்பது அக்கையேட்டின் உயிர்க்கருத்து. செங்கற் சந்துகளுக்குக் காரையிடும்போது, அது செங்கல்லின் முகத்தை மூடாமல் சற்றே உள்வாங்கி நிற்க வேண்டும். அதன் நிறம் பழைய காரையோடு ஒத்திருக்க வேண்டும் என்பனவெல்லாம் அத்துறையின் வழக்காயின. 1964-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் மற்றொன்றையும் வலியுறுத்தினர்: புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்திருக்க வேண்டும், ஆயினும், மூலத்திலிருந்து அதனைப் பிரித்தறியவும் முடிய வேண்டும். சேய்மையில் இருந்து நோக்குவோர்க்கு ஒற்றுமை. அண்மையில் வந்து ஆராய்வோர்க்கு உண்மை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இதைவிடத் தெளிவான அறிவுரை வேறெங்கும் கிட்டியதில்லை.

அறிவுரை இருந்தும், நடைமுறையில் சிமெண்டு பல தொல்சின்னங்களில் புகுந்துவிட்டது. தில்லியில் 1570-ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட ஹுமாயூன் சமாதி, செம்மணற்கல்லும் சலவைக்கல்லும் போர்த்தியது. ஆயினும், உள்ளிருந்து அதனைப் பிடித்து நிற்பது சுண்ணாம்பே. இருபதாம் நூற்றாண்டில் அதன் மேல்தளத்தில், ஒழுக்கை நிறுத்தும் நல்லெண்ணத்தோடு, கான்கிரீட் அடுக்கடுக்காகப் பரப்பப்பட்டிருந்தது. 2007 முதல் 2013 வரை, ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளையும் தொல்பொருள் ஆய்வுத் துறையும் இணைந்து மேற்கொண்ட பணியில், அத்தளத்திலிருந்து மட்டும் பத்து லட்சம் கிலோவுக்கும் மேற்பட்ட கான்கிரீட் கையாலேயே பெயர்த்தெடுக்கப்பட்டது. அப்பணி முழுவதற்கும், கைவினைஞர் ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலையாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ இரண்டு லட்சம் நாட்கள் பிடித்தன. ஒரு தலைமுறையின் அவசரத்தை நீக்க மற்றொரு தலைமுறை அத்துணை பாடுபட வேண்டியிருந்தது.

அம்முறைப்படி செங்கற் சுவரின் சந்துகளைப் புதுக்குவது எங்ஙனம்? வட இந்தியக் கொத்தனார்கள் இவ்வேலையை ‘டீப்’ என்பர். உதிர்ந்த காரையைக் கையுளியால் சுரண்டி, சந்தின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழமாவது நீக்க வேண்டும். உறுதியாய் இருக்கும் காரையைத் தொடலாகாது. தூசியைக் கழுவி, சுவரை நன்கு நனைக்க வேண்டும். உலர்ந்த செங்கல் காரையின் நீரை உறிஞ்சிவிடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணலும் சுர்க்கியும் என்ற அளவில் அரைத்த காரையை, கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து அழுத்த வேண்டும். பின்னர், ஈரச் சாக்கினால் மூடிப் பல நாட்கள் வெயில் படாமல் காக்க வேண்டும்.

நிறத்தைப் பொருத்துவதே இதில் பெரும் பொறுமையைக் கேட்பது. காரையின் நிறத்தில் பெரும்பங்கு மணலுடையது. ஆகவே, பழைய மணலை ஒத்த மணலைத் தேடுவதே முதல் வேலை. பழங்காரையில் ஒரு துண்டை நீர்த்த அமிலத்தில் இட்டால், சுண்ணாம்பு கரைந்து மணல் தனியே எஞ்சும். அதன் பருமனையும் நிறத்தையும் அறிந்துகொள்ளலாம். சிவப்புக் குறைந்தால் சுர்க்கியைக் கூட்டலாம். அதுவும் போதாவிடில், காவி, மஞ்சட்காவி போன்ற மண்நிறங்களைச் சிறிதளவே சேர்க்கலாம். மிகுதியானால் காரை வலுவிழக்கும். ஈரக் காரை கருமையாகவும், உலர்ந்த காரை வெளிறியும் தோன்றுவதால், சிறு சிறு மாதிரிகள் இட்டு, அவை முற்றும் உலர்ந்த பின்னரே எது பொருந்தும் என்று முடிவு செய்தல் வேண்டும். ரெசிடென்ஸியில் நான் கண்ட முதியவரும், சுவரின் மறைவான ஒரு மூலையில் ஐந்தாறு பட்டைகளாகக் காரை இட்டு உலர விட்டிருந்தார். ஐந்தும் ஒன்றுபோலவே என் கண்ணுக்குப் பட்டன. “இரண்டாவதுதான் சரி, பாபுஜி” என்றார் அவர்.

அக்குண்டுப் பள்ளங்களைத் தொடக் கூடாது என்பதன் காரணம், பின்னர் எண்ணிப் பார்க்கையில் எனக்குப் புலப்பட்டது. ஆங்கில ஆட்சி நடந்தவரை, அச்சுவர் ஆங்கிலேயரின் வீரத்துக்குச் சான்றாகப் போற்றப்பட்டது. ரெசிடென்ஸியின் உச்சியில் யூனியன் ஜாக் கொடி, 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இறக்கப்படும்வரை, இரவும் பகலும் பறந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1957-இல், புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி, அதன் எதிரே கோமதிக் கரையில் விடுதலைப் போரில் மடிந்தோர்க்கு நினைவுத்தூண் எழுந்தது. பள்ளங்கள் அவையே, அவற்றைப் படிப்போரின் கருத்து மாறிவிட்டது. எவரேனும் ஒருவர் தம் காலத்துக் கருத்தை மட்டும் நம்பி அவற்றை அடைத்திருந்தால், அடுத்து வந்தோர்க்குப் படிக்க ஒன்றும் எஞ்சியிராது.

நேயர்களே, பிறர் செய்த தவற்றையே கூறிக்கொண்டிருப்பது முறையன்று. என் தவற்றையும் சொல்லிவிடுகின்றேன். தஞ்சைப் பகுதியில் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் பின்சுவர், நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. கொல்லைக் கதவுக்கு அருகே ஒரு செங்கல்லில், 1924-ஆம் ஆண்டுக் காவிரிப் பெருவெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை, என் கொள்ளுத்தாத்தா ஆணியால் ஒரு கோடு கீறி, ஆண்டையும் பொறித்து வைத்திருந்தார். சந்துகள் உதிர்கின்றன என்று தமையனார் தெரிவித்தபோது, தில்லியில் இருந்தபடியே பணம் அனுப்பி, “சிமெண்டு வைத்துக் கெட்டியாக அடைத்துவிடுங்கள், அண்ணா” என்று சொன்னவன் நானே. நான்கு மழைக்காலம் கழிந்தது. விடுப்பில் சென்று பார்த்தபோது, சிமெண்டு அப்படியே இருந்தது. செங்கற்களின் முகம்தான் இல்லை. கோடும் இல்லை, ஆண்டும் இல்லை. “தம்பி, நீ சொன்னபடியேதான் செய்தோம்” என்றார் தமையனார். அவர் குரலில் குறை ஏதும் இல்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்து, சிமெண்டைப் பெயர்த்து, சுவரை மீண்டும் காரையால் புதுக்கினோம். அழிந்துபோன செங்கல்லுக்குப் பதிலாக வேறொன்றை வைத்தோம். அதில் அதே உயரத்தில் ஒரு கோட்டைக் கீறிவிடலாம் என்றார் தமையனார். அவருக்கு அந்த உயரம் நினைவில் இருந்தது. எனக்கோ, லக்னோ முதியவர் நினைவுக்கு வந்தார். வெள்ளம் இட்ட கணக்கை என் கையால் எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அச்செங்கல்லை வெறுமையாகவே விட்டுவிட்டு, நடந்ததை எல்லாம் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைத்தோம்.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலர்க்கு, ஊரில் இப்படி ஒரு சுவர் இருக்கும். அதற்குப் பணம் அனுப்புமுன், அதன் சந்தில் இருப்பது சுண்ணாம்பா, சிமெண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.